காலைக் கழுவும் வேலை

பெரிய வியாழன் மாலையில் கத்தோலிக்க ஆலயங்களில் ஒரு சடங்கு நடக்கிறது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, குருவானவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார். பாடகர் குழு பாடுகிறது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்தவர்கள் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். குருவானவருக்கும் தெரியும்.

நான்கு சுவிசேஷங்களில் மூன்று, கடைசி இராப்போஜனத்தில் இயேசு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்துச் சீடர்களுக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. யோவான் அதைச் சொல்வதில்லை. அந்த இரவில் அவர் எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதைத்தான் சொல்கிறார். புழுதிச் சாலையில் நடந்து வந்தவர்களின் காலைக் கழுவுவது அந்தக் காலத்தில் வேலைக்காரன் வேலை. பேதுருவுக்கு அது பிடிக்கவில்லை, தடுத்துப் பார்க்கிறார். அப்பமும் ரசமும் பெரும்பாலான சபைகளில் நிலைத்துவிட்டன. கால் கழுவுவது ஆண்டுக்கு ஒருநாள் விஷயமாகச் சுருங்கிவிட்டது. பல சபைகளில் அதுவும் இல்லை.

ஆனால் இந்தியாவில் சில இடங்களில் அது நாள்தோறும் நடக்கிறது. பாடகர் குழு இருக்காது. சிமென்ட் தொட்டி அல்லது பிளாஸ்டிக் வாளி, பச்சைத் தண்ணீர், சொரசொரப்பான ஒரு கல், கொஞ்சம் எண்ணெய், இவ்வளவுதான். தொழுநோய் மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் காலை வேளை இப்படித்தான் தொடங்குகிறது. இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்கள் மேடையில் பேசிய அன்பை விட, இந்த வாளியைச் சுற்றி நடந்த காரியங்களே சொல்லத் தகுந்தவை.

தொழுநோயில் காலுக்கு ஏன் இத்தனை கவனம்? நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்த அந்தக் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். தோலையும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளையும் தாக்கும். கணுக்காலைச் சுற்றி உள்ளங்காலுக்குப் போகும் நரம்பு செத்துவிட்டால் உள்ளங்காலில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினால் தெரியாது. செருப்பில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் தெரியாது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலை சுட்டால் தெரியாது. அந்தப் பகுதியில் வியர்வையும் நின்றுவிடுவதால் தோல் வறண்டு, வெயில் காலத்து வயல் போலப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பின் வழியே அழுக்கு உள்ளே போகும். சாதாரண மனிதனுக்குக் காலில் ஒரு சின்னப் புண் வந்தாலே நொண்டி நொண்டி நடப்பான். அந்த நொண்டல்தான் புண்ணை ஆற்றும் மருந்து. வலி தெரியாதவன் முழுப் பாரத்தையும் புண் மேலேயே வைத்து நடப்பான். புண் எலும்பு வரைக்கும் போகும்.

கால் விரல்களும் கை விரல்களும் நோயினால் அழுகி விழுந்துவிடுகின்றன என்றுதான் பல நூற்றாண்டுகளாக நம்பினார்கள். இன்றும் கிராமங்களில் நம்புகிறார்கள். அது அப்படி இல்லை, வலி தெரியாததால் அன்றாடம் நேரும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதை உலகுக்கு விளக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர் கொல்லிமலையில் பிறந்த ஓர் ஆங்கிலேயர்.

பால் பிராண்ட் பிறந்தது 1914-ல். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் பணியாற்றிய மிஷனரி. பள்ளிக்கூடம், பட்டுப்பூச்சி வளர்ப்பு, தச்சு வேலை, மருந்து கொடுப்பது என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தவர். ஒருநாள் தொழுநோய் கண்ட மூன்று பேர் மலையேறி வந்தார்கள். மகனை எட்டிப்போகச் சொல்லிவிட்டு, ஜெஸ்ஸி கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய கால்களைக் கழுவி மருந்து போட்டுக் கட்டிவிட்டார். சிறுவன் பால் இதைத் தூர நின்று பார்த்தான். அன்றைய மருத்துவ அறிவுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். நோய்க்கு மருந்தே இல்லாத காலம். பயந்துகொண்டே கழுவினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பயம் போன பிறகு கழுவலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஜெஸ்ஸி 1929-ல் மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது பால் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். தாய் எவலின் அந்த மலைகளை விடவில்லை. மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். 1974-ல் 95 வயதில் காலமாகும் வரை அதுதான் அவர் வாழ்க்கை.

பால் பிராண்ட் அறுவைச் சிகிச்சை மருத்துவராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செத்த கை என்று நினைத்தது இரும்புப் பிடியாகப் பிடித்தது. அதாவது கையை மடக்கும் தசைகள் உயிரோடு இருந்தன. விரித்து நிமிர்த்தும் தசைகளே செயலிழந்திருந்தன. நல்ல தசைநாணை எடுத்துச் செயலற்ற இடத்துக்கு மாற்றிக் கட்டும் அறுவைச் சிகிச்சையை அவர் 1948-ல் தொடங்கினார். மடங்கிய கைகள் நிமிர்ந்தன.

மருத்துவ உலகம் கொண்டாடும் கதை இது. ஆனால் வேலூரில் நடந்த சின்னச் சின்ன விஷயங்கள் இதை விடச் சுவாரசியமானவை.

சில நோயாளிகளுக்கு இரவில் படுத்து எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. புண்ணும் இல்லை, முந்தின நாள் காயமும் இல்லை. இரவில் விழித்திருந்து பார்த்ததில் விஷயம் வெளியானது. எலி. தூங்குகிறவனின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது, அவனுக்கு விழிப்பே வரவில்லை. அதன் பிறகு சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து.

இன்னொன்று. கை நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். மடங்கிய கைக்கு விழுந்த பிச்சை, நல்ல கைக்கு விழவில்லை. ஊரில் யாரும் வேலையும் கொடுக்கவில்லை, வாடகைக்கு வீடும் கொடுக்கவில்லை. கையைச் சரி செய்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்க முடியவில்லை. 1951-ல் கல்லூரி வளாகத்தில் எளிய குடிசைகள் கட்டி 'நவ ஜீவ நிலையம்' தொடங்கினார்கள். தச்சு வேலை, பொம்மை செய்வது என்று கைக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள். உளியை எப்படிப் பிடித்தால் கொப்புளம் வராது, சூடான தம்ளரை எதால் தூக்குவது என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு தொடுதல். ஒரு வாலிபனைப் பரிசோதித்துவிட்டு, என்ன சிகிச்சை செய்யப்போகிறோம் என்று விளக்கும்போது பிராண்ட் சாதாரணமாக அவன் தோளில் கை வைத்தார். அவன் விம்மி அழத் தொடங்கினான். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். பல வருடங்களாக யாரும் அவனைத் தொட்டதில்லையாம், அதனால்தான் அழுகிறானாம். சுவிசேஷத்தில் இயேசு குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கும்போது கையை நீட்டித் தொடுகிறார். தொடாமலும் குணமாக்கியிருக்கலாம், தூரத்தில் இருந்தவர்களைச் சொல்லாலேயே குணமாக்கிய கதைகள் அதே புத்தகத்தில் இருக்கின்றன. பழைய வேதாகமத்தில் குஷ்டரோகம் என்று வருவதெல்லாம் இன்றைய தொழுநோயும் அல்ல, பல தோல் நோய்களுக்கான பொதுப்பெயர் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆனால் ஒதுக்கி வைத்த விதம் ஒன்றேதான்.

பிராண்டுக்கும் பயம் முழுதாக விட்டுப் போகவில்லை. 1950-களில் இங்கிலாந்துக்குப் போன ஓர் இரவில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது, இனிப் பிள்ளைகளை விட்டு ஒதுங்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். விடிந்ததும் மறுபடி ஆழமாகக் குத்தினார். வலித்தது. நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்து பயணம் செய்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். இந்தியாவில் 1966 வரை வேலை செய்தார். 2003-ல் காலமானார்.

இதையெல்லாம் படிக்கும்போது கிறிஸ்தவ சேவை என்றால் எல்லாமே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெல்லெஸ்லி பெய்லி என்ற அயர்லாந்துக்காரர் 1869-ல் அம்பாலாவில் ஆசிரியராக வேலை பார்க்க வந்தார். அங்கே வரிசைக் குடிசைகளில் அடைந்து கிடந்த தொழுநோயாளிகளைப் பார்த்து மனம் கலங்கி, 1874-ல் அயர்லாந்தில் நண்பர்களைச் சேர்த்து நிதி திரட்டத் தொடங்கினார். இன்றும் இந்தியாவில் பல மருத்துவமனைகளை நடத்தும் லெப்ரசி மிஷன் அப்படிப் பிறந்ததுதான். நல்ல உள்ளங்கள்தான். ஆனால் அந்தக் காலத்து இல்லங்களில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைத்தார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். பிறந்த குழந்தைக்கு நோய் தொற்றிவிடும் என்று தாயிடமிருந்து பிரித்து வேறு விடுதியில் வளர்த்தார்கள். 1898-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டம், தொழுநோய் கண்ட ஏழைகளைத் தெருவில் பிடித்து இல்லங்களில் அடைக்க அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டம் புத்தகத்திலிருந்து நீங்கியது 2016-ல். சுதந்திரம் வந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சோறு போட்டார்கள், புண்ணைக் கட்டினார்கள், ஜெபம் சொல்லிக் கொடுத்தார்கள், வாசலைப் பூட்டினார்கள். நான்கையும் செய்தவர்கள் ஒரே ஆட்கள். தாங்கள் செய்வது அன்பு என்று உண்மையாகவே நம்பினார்கள். அன்பு பெரிய திட்டமாக, கட்டடமாக, ஒழுங்குமுறையாக மாறும்போது எங்கேயாவது ஒரு பூட்டு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த இல்லங்களில் இருந்தவர்களுக்கு உபயோகமாக இருந்தது, பூட்டுக்கு உள்ளேயே தினம் வந்து கட்டு அவிழ்த்துக் கட்டிய அந்த ஒருவரோ இருவரோதான்.

பாரிபடாவுக்கு வருவோம். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத் தலைநகர் அது. முன்னாள் சமஸ்தானம். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகாராஜாவின் ஆதரவோடு ஆஸ்திரேலிய மிஷனரிகள் தொடங்கிய தொழுநோய் இல்லம் இருக்கிறது. 1965-ல் கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற 24 வயது ஆஸ்திரேலிய வாலிபர் அங்கே வந்து சேர்ந்தார். ஒடியா, சந்தாலி, ஹோ மூன்றும் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார். பாரிபடா தெருக்களில் சைக்கிளில் போகும் வெள்ளைக்காரராக ஊருக்குப் பழகிப்போனார். 1983-ல் அவர் மணந்த கிளாடிஸ் பயிற்சி பெற்ற நர்ஸ். மூன்று குழந்தைகள். நோயாளிகளின் புண்ணைக் கழுவுவது, அரிசிக் கணக்கு, ஜன்னல் உடைந்தால் மாற்றுவது, வீட்டார் திரும்ப ஏற்காத பெண்ணுக்காக ஊருக்குப் போய்ப் பேசுவது, இப்படித்தான் அந்த மாதிரி இல்லத்தை நடத்துகிறவர்களின் பொழுது போகும். எந்தப் பத்திரிகையும் எழுதாத வாழ்க்கை.

1999 ஜனவரி 22 இரவு அதை மாற்றியது. கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூர் கிராமத்தில் கிறிஸ்தவர்களின் வருடாந்தரக் கூட்டத்துக்குப் போயிருந்தார் ஸ்டெயின்ஸ். ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் விடுமுறைக்கு வந்திருந்ததால் அவர்களையும் அழைத்துப்போயிருந்தார். ஒருவனுக்குப் பத்து வயது, இன்னொருவனுக்கு ஆறு. குளிர் காரணமாக மூவரும் வண்டிக்குள்ளேயே படுத்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு கும்பல் வண்டியைச் சூழ்ந்து தீ வைத்தது. வெளியே வர விடவில்லை. மூவரும் கருகிப்போனார்கள்.

அதன் பிறகு கிளாடிஸ் சொன்னது உலகமெங்கும் பரவியது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அடக்கத்தின்போது அவரும் 13 வயது மகள் எஸ்தரும் நின்று பாடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். மன்னிப்பது சட்டத்தை மறுப்பதாகாது என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. தண்டிப்பது அரசின் வேலை, வெறுப்பைச் சுமக்காமல் இருப்பது தன் வேலை என்று பிரித்துப் பார்த்தார். வழக்கு தன் போக்கில் போனது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-ல் மரண தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை, 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் மதமாற்றம் பற்றி நீதிபதிகள் எழுதியிருந்த சில வாக்கியங்கள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. கொலைக்கு அது ஒரு காரணம் சொல்வது போலிருக்கிறது என்றார்கள். நான்கு நாட்களில் நீதிமன்றமே அந்த வரிகளை நீக்கியது. கூட்டாளிகளில் ஒருவரான மகேந்திர ஹெம்பிராம், நன்னடத்தைக்காக 2025 ஏப்ரலில் விடுதலையானார்.

சேவை என்பது மதமாற்றத்துக்கான தூண்டில்தான் என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நேர்மையாகப் பார்த்தால் இது பதில் சொல்லப்பட வேண்டிய கேள்விதான். ஸ்டெயின்ஸ் தன் நம்பிக்கையை மறைத்தவர் அல்ல, பிரசங்கம் செய்தவர். பிராண்டும் அப்படியே. ஆனால் தூண்டில் போடுகிறவன் மீன் விழுந்ததும் எழுந்து போய்விடுவான், விழாவிட்டாலும் வேறு குளம் தேடுவான். ஆறாத புண் விஷயத்தில் அப்படி முடியாது. இன்று கழுவிக் கட்டினால் நாளை மறுபடி அவிழ்த்துக் கழுவ வேண்டும். பதினைந்து வருடம் கழித்தும் அதே காலைக் கழுவ வேண்டும். அந்த மனிதன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் புண் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான்.

கிளாடிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் மன்னிப்பு என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். சொல்வது கஷ்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாரத்தில் பத்திரிகையாளர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. அதே பாரிபடாவில், அதே வீட்டில், கணவனும் மகன்களும் இல்லாமல் 2004 வரை இருந்தார். இல்லத்தின் பொறுப்பு இப்போது அவர் தலையில். காலையில் எழுந்தால் நோயாளிகள் காத்திருப்பார்கள். மருந்து வாங்க வேண்டும், சம்பளம் போட வேண்டும், கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் போக வேண்டும். கொலை செய்தவர்கள் பேசும் அதே மொழியில் நோயாளிகளிடம் பேச வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளைப் படம் எடுக்க முடியாது, மேற்கோள் காட்டவும் முடியாது. கணவர் பெயரில் மருத்துவமனை ஒன்று 2004-ல் திறக்கப்பட்டது. 2005-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

கல்கத்தாவுக்கு வடக்கே டிட்டாகரில் ரயில் பாதையை ஒட்டி அன்னை தெரசாவின் சகோதரிகள் நடத்தும் தொழுநோய் நிலையம் ஒன்று இருக்கிறது. காந்திஜியின் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் அந்தச் சபையின் சகோதரிகள் உடுத்தும் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலைகள் அங்கேதான் நெய்யப்படுகின்றன. நெய்கிறவர்கள் தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அவர்களுடைய குடும்பத்தார். யாரும் தொட மறுத்த கைகள் நெய்த துணியை அந்தச் சகோதரிகள் தினம் உடுத்துகிறார்கள். அன்னை தெரசாவின் இல்லங்களில் மருத்துவ வசதி போதவில்லை, வலி நிவாரணி கொடுப்பதில்லை என்று 1990-களில் எழுந்த விமர்சனங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நீலக்கரை 2017-ல் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருப்பது தெரியவந்தபோது சிரித்தவர்களும் உண்டு. அதனாலெல்லாம் டிட்டாகரின் தறிச் சத்தத்துக்கு மதிப்புக் குறைந்துவிடாது. நெய்தவரிடமிருந்து விலகி நில் என்று ஊர் சொல்லும்போது, அவர் நெய்ததை எடுத்து உடுத்துவதற்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான வேலையும் அல்ல. சேவாகிராமத்தில் தொழுநோயோடு வந்து சேர்ந்த சமஸ்கிருத பண்டிதர் பர்சுரே சாஸ்திரிக்கு காந்தி தன் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டார். வரோராவில் ஆனந்தவனத்தை உருவாக்கிய பாபா ஆம்தே, மழையில் கிடந்த ஒரு தொழுநோயாளியைப் பார்த்து முதலில் ஓடிப்போனவர். பயத்தை நினைத்து வெட்கப்பட்டுத் திரும்பி வந்தவர்.

நோய்க்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982-ல் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். இலவசமாகவே கிடைக்கிறது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் இறங்கியது; பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலை நீங்கியதாக இந்தியா அறிவித்தது. அறிவிப்பு வந்ததும் பலர் நோயே ஒழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஒருவருக்குத் தொழுநோய் இருக்கிறது என்பதே விவாகரத்துக்குப் போதுமான காரணம் என்ற விதி 2019 வரை சட்டத்தில் இருந்தது.

மருந்து கிருமியைத்தான் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. குணமாகிவிட்டார் என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகும் உள்ளங்காலில் உணர்ச்சி திரும்புவதில்லை. அந்தக் காலுக்கு ஆயுள் முழுக்க வேலை இருக்கிறது. தினம் இருபது நிமிடம் பச்சைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். காய்த்துப்போன தோலைக் கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும், அப்போதுதான் நீர் தோலில் தங்கும். பிறகு காலைத் திருப்பி வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். வலி சொல்ல வேண்டியதைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். முதுகு வளையாதவர்களுக்குக் கண்ணாடி. கண்ணும் தெரியாதவர்களுக்கு இன்னொரு மனிதர்.

முன்பு இதை நர்ஸ் செய்தார். இப்போது நோயாளிகளே வட்டமாக உட்கார்ந்து செய்துகொள்ளக் கற்றுக் கொடுக்கிறார்கள். இது நல்ல மாற்றம். மருத்துவமனையை நம்பி ஆயுள் முழுக்க இருக்க முடியாது. ஆனால் விரல் இல்லாத கையால் கல்லைப் பிடித்துத் தேய்ப்பது எளிதல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாங்கித் தேய்த்துவிடுகிறார். சில வீடுகளில் மருமகள் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். சில வீடுகளில் தட்டும் தம்ளரும் இன்னும் தனியாகத்தான் இருக்கின்றன. அது சர்ச்சுக்குப் போகும் வீடாகவும் இருக்கலாம்.

அப்புறம் செருப்பு. வேலூரிலும் அதை ஒட்டிய கரிகிரியிலும் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் பல வகை ரப்பரைப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது மைக்ரோ செல்லுலர் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர். விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், விட்டால் எழும்ப வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, தைக்கலாம், ஒட்டலாம். பின்னால் வார் வேண்டும், ஏனென்றால் செருப்பு நழுவிப்போனாலும் காலுக்குத் தெரியாது. நடக்கும்போது பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவும். இந்தச் செருப்பு எத்தனை கால்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதைக் கணக்கெடுக்க முடியாது.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. கறுப்பாக, கனமாக, பின்வாரோடு இருந்த அந்தச் செருப்பைப் பார்த்தாலே ஊரில் தெரிந்துவிட்டது, போட்டிருப்பவர் யார் என்று. டீக்கடையில் தனித் தம்ளர் வந்துவிடும். அதனால் வீட்டு வாசல் வரை செருப்பைக் கையில் எடுத்து வந்தவர்கள் உண்டு, கல்யாண வீட்டுக்கு வெறுங்காலோடு போய்ப் புண்ணோடு திரும்பியவர்கள் உண்டு. எனவே கடையில் விற்கும் செருப்பு மாதிரியே தோற்றத்தில், உள்ளே மட்டும் எம்.சி.ஆர். வைத்துத் தைக்கத் தொடங்கினார்கள். பெண்களுக்கு வேறு மாதிரி. வாருக்கு வேறு வேறு நிறம்.

தொழுநோய் மருத்துவமனைகளில் செருப்புத் தைக்கும் அறை பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது இருக்கும். பசை வாசனை அடிக்கும். அளவு எடுக்க வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, தரையில் காகிதத்தை விரித்து அதன் மேல் காலை வைக்கச் சொல்கிறார்கள். செருப்புத் தைப்பவர் குனிந்து உட்கார்ந்து, ஒரு கையால் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பென்சிலால் சுற்றி வரைகிறார். விரல் இருக்கும் இடத்தில் கோடு சுற்றி வருகிறது, இல்லாத இடத்தில் உள்ளே வளைகிறது. முன்பு புண் இருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறார், அங்கே ரப்பரைக் கொஞ்சம் குடைய வேண்டும். அரசுத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு ஜோடி உண்டு. என்ன நிறத்தில் வார் வேண்டும் என்று கேட்டு, அதையும் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த காலை எடுத்து வைக்கச் சொல்கிறார்.